பீடத்தில் ஏறிய கதைக்காரர்

எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில், ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர் சில காலம் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு நின்றார்.

கப்பலில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, கொண்டுவந்த சாண் உயரச் சிலை அது. கூரான தாடி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் துணி. ஒரு கையில் இறகு. மற்றக் கை அங்கிக்குள் மறைந்திருந்தது. யாரென்று கேட்டதற்கு மாமா, "அந்த ஊருல எந்த முக்குல திரும்பினாலும் இவருதான் நிக்காரு" என்று சிரித்துவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். எங்கள் தேங்காய்ப்பட்டணம் பக்கம் முக்குக்கு முக்கு நிற்பவர்கள் புனிதர்கள் மட்டுமே. மீதியை அத்தை முடிவு செய்தாள். "கையில இருக்கது குருத்தோலையாக்கும். வேதத்துக்காவ உயிர விட்ட வேதசாட்சி."

அந்தச் சமயத்தில்தான் அப்பா வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன இடத்தில், எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டார். அம்மா பங்குச்சாமியாரோடு கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து அலைந்து, மனம் விட்டுப்போய் நிறுத்திவிட்டாள். மாதாவிடம் எல்லாரும்தான் கேட்கிறார்கள், புதியவரிடம் கூட்டம் குறைவாக இருக்கும் என்பது அத்தையின் யோசனை. அவள் தம்பியான என் அப்பாவுக்காகத் தினமும் அவர் முன்னால் திரி எரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்த முதல் ஆள் நான். சிலையின் அடியில் ஆங்கில எழுத்தில் இருந்த பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுபோய், பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன். சாயங்காலம் ஓடிவந்தேன்.

"யம்மா, இவரு புனிதரே இல்ல. கதை எழுதுன ஆளு. கையில இருக்கது பேனா."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். "கதைக்காரனுக்கா இத்தன திரி கொளுத்தினோம்? எடுத்து வெளிய வைட்டி."

அம்மா சிலையை எடுத்தாள். நான் பேச்சை விடவில்லை. "சண்டையில ஒரு கை விளங்காம போச்சு. பொறவு கப்பல்ல ஊருக்குத் திரும்பும்ப கடல்கொள்ளக்காரனுவ பிடிச்சிட்டுப் போய், அஞ்சு வருசம் அடச்சு வச்சிருந்தானுவளாம். அதுக்கும் பொறவுதான் பெரிய புத்தகம் எழுதினாரு. அத உலகத்துல…"

"திரும்பி வந்தாரா மக்கா?" அம்மா இடைமறித்தாள்.

"ஆரு?"

"இவருதாம்ல. ஊருக்குத் திரும்பி வந்தாரா?"

"வந்தாரு. சாமியாருமாரு போய்ப் பேசி மீட்டாவ."

அம்மா சிலையை முந்தானையால் துடைத்தாள். முன்பு நின்ற இடத்திலேயே வைத்து, புதுத் திரி ஒன்றைப் பற்றவைத்தாள். மறுநாள் விடிந்ததும் அம்மா குளித்து, கோவிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு, மறுபடி பங்குச்சாமியார் வீட்டுக்கு நடந்தாள். அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. மழைக்கு முன்னால் அப்பா மெலிந்து, அந்தச் சிலையைப்போலவே தாடியோடு வந்து சேர்ந்தார்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான். அவருடைய புத்தகத்தை உலகம் முழுக்க வாசிக்கிறார்கள், நாவல் என்பதே அவரிலிருந்துதான் தொடங்கியதென்று சொல்கிறார்கள். அதையெல்லாம் என்னைச் சொல்லி முடிக்கவே விடவில்லை. படிக்காத ஆட்களிடம் சொன்னால் இப்படித்தான், முக்கியமானதைக் கேட்கவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.