மாரிசெலுக்கு ஒரு சீட் போதவில்லை

தோளில் பையோடு, அமெரிக்காவில் பிளானோ என்ற ஊரில், ஃப்ரீவே ஓரத்து சர்வீஸ் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மோட்டல் வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன். சலவையும், தங்க வருகிறவர்களை ஏற்றி இறக்கும் ஷட்டில் வேன் ஓட்டுவதும் என் பொறுப்பு. கவுன்டரையும் சேர்த்துப் பார் என்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேலையை விடுவதும் பிடிப்பதும் பழகிய சங்கதி. தண்ணீர் குடிக்க ஒரு சர்ச் வளாகத்துக்குள் நுழைந்தேன்.

ஹால் வாசலில் மெக்சிகோக் குடும்பங்கள். நடுவில், கழுத்தில் கம்பெனி பேட்ஜோடு ஒரு தமிழர். பெயர் சுந்தரம், இன்ஜினியர். அவரும் ஆபீஸ் நண்பர்களும் சனிக்கிழமைதோறும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். ஹாலைத் தந்தது சர்ச். காலேஜ்காரர்கள் அப்ளிகேஷன் போட உதவினார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வேலை பழக சுந்தரத்தின் கம்பெனி இடம் கொடுத்தது. சர்ச் தரப்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் லூபே அம்மாள்.

மறுநாள் காலேஜைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. மாரிசெல் என்ற பெண்ணுக்கு அங்கே ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருந்தது. சேருவதாகத் திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அவள் அப்பா ரமீரோ கூரை போடும் தொழிலாளி. இடத்தைப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றார். பார்ப்பதற்கு மனைவி, மற்ற பிள்ளைகள், தன் தங்கை எல்லோரும் வருவார்கள் என்றார்.

“ஸ்டூடன்ட்ஸ் மட்டும்தான். கார்ல இடமில்ல,” என்றார் சுந்தரம், ஆங்கிலத்தில்.

ரமீரோ மகளைக் கூட்டிப்போய்ப் பிக்கப் டிரக்கில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

“என்ன மனுஷன்யா இவர்,” என்று சுந்தரம் தமிழில் முணுமுணுத்தார்.

“கேட்டுட்டு வரேன் சார்,” என்றேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஹோட்டல் கிச்சன்களில் கழுவித் துடைத்த காலத்தில் ஸ்பானிஷ் பேச வந்துவிட்டது. ரமீரோ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “எம் பொண்ணு தூங்கப்போற கட்டிலை அவ அம்மா பார்க்க வேணாமா? ஆளில்லாத அநாதை மாதிரியா அனுப்புவேன்?”

வந்து சொன்னேன். லூபே அம்மாள் சுந்தரத்தைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க அமெரிக்கா கிளம்பினப்போ ஏர்போர்ட்டுக்கு யாரெல்லாம் வந்தாங்க?”

சுந்தரம் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “ரெண்டு வேன் நிறைய வந்தாங்க. எதிர்வீட்டு வாத்தியார் வரைக்கும். பாசஞ்சர் மட்டும் வந்தா போதும்னு யாராவது சொல்லியிருந்தா, எங்கப்பா என்னை பிளேன் ஏத்தியே இருக்க மாட்டார்.”

சர்ச்சுக்கு ஒரு பெரிய வேன் இருந்தது. ஓட்டுபவர்தான் ஊரில் இல்லை.

“நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?” என்று சுந்தரம் என்னைக் கேட்டார்.

“மதியம் வரைக்கும் வேன் ஓட்டினேன்.”

“நைட் எங்க தங்குவீங்க?”

“இனிமேதான் யோசிக்கணும் சார்.”

“நம்ம வீட்டுக்கு வாங்க. காலைல டிரைவரைத் தேடற வேலையாவது மிச்சம்.”

பிக்கப்புக்குப் போய், எல்லோரும் வரலாம் என்றேன்.

“தங்கச்சியுமா?” என்றார் ரமீரோ.

“தங்கச்சியும்தான்.”

பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பும் அந்தத் திட்டத்தில் பிறகு பல வருடம் இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், வண்டியை அப்புறம் பேசுங்கள். பிள்ளையிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை லூபே அம்மாள் வேன் சாவியைத் தந்தார். ரமீரோ குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ஏறியது. ஹாஸ்டல் அறையில் மாரிசெலின் அம்மா மெத்தையை அழுத்திப் பார்த்தார். அத்தை ஜன்னலைத் திறந்து மூடினார். ரமீரோ கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு, அண்ணாந்து கூரையை நிதானமாக ஆராய்ந்தார். மாரிசெல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒழுகாது,” என்றார் ரமீரோ. “சேர்ந்துக்கோ.”

திரும்பி வந்ததும் சாவியை நீட்டினேன். “அடுத்த சனிக்கிழமை வேன் ஓட்ட யார் இருக்கா? நீங்களே வச்சுக்குங்க,” என்றார் லூபே அம்மாள்.