அப்பா நன்றாக இருக்கிறார் என்ற வக்கீல்

பெங்களூர் கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று அம்மா அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுவிட்டாள். அதுதான் முதல் தப்பு என்று எங்கள் வக்கீல் பிறகு தலையில் அடித்துக்கொண்டார். என்ன செய்வது, எங்கள் மாரிகுப்பத்துக்காரர்கள் அப்படித்தான். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் வெளியே போகும்போது இஸ்திரி கலையக் கூடாது, ஷூ பளபளக்க வேண்டும். "எப்பவும் இருக்கிறபடியே கூட்டிட்டு வாங்கம்மா" என்று வக்கீல் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு மனசு வரவில்லை. தழும்பு தெரியாதபடி தலையைக்கூட அழுத்தி வாரிவிட்டாள்.

அப்பா பெங்களூரில் வேலை பார்த்தவர். விடியுமுன் ரயில் ஏறினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். ஒருநாள் அங்கே ரோட்டைக் கடக்கும்போது ஒரு வேன் இடித்துத் தலையில் அடிபட்டது. ஆபரேஷன் ஆகி, பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவர் வேறு ஒரு அப்பா. எனக்கு அப்போது ஏழு வயது. உள்ளதைச் சொன்னால், பழையவரைவிட இவரைத்தான் எனக்குப் பிடித்தது. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். என்னோடு தாயம் ஆடினார், தோற்றால் அழுதார். ஒரு பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

இனி அவரால் வேலை செய்ய முடியாது, ஆயுசுக்கும் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும் என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு. கிடைக்காவிட்டால் அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். அவள் போனால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இதெல்லாம் அன்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஜட்ஜ் வந்ததும் அப்பா விறைப்பாக எழுந்து, "குட்மார்னிங் சார்" என்றார். ஜட்ஜே சிரித்துவிட்டார். அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். இவர் புத்தி இப்போது குழந்தை மாதிரி, தனியே விட முடியாது என்று எங்கள் வக்கீல் பேச ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அப்பாவை இப்படிச் சொல்ல இந்த ஆள் யார்?

அப்புறம் வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, பொறுமையான குரல். "நல்லாத்தானே இருக்கிறார்? எவ்வளவு நீட்டாக உடுத்தியிருக்கிறார், எவ்வளவு மரியாதை தெரிகிறது" என்று கன்னடத்தில் அம்மாவைக் கேட்டார். பள்ளிக்கூடத்துக் கன்னடம் எனக்குப் போதுமாயிருந்தது. அப்பாடா, அப்பாவுக்காகப் பேச ஒரு நல்லவராவது வந்தாரே! அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அம்மா அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கன்னடத்தில் ஆரம்பித்தவளுக்குத் தமிழ்தான் வந்தது.

"சட்டைய நான் போட்டுவுட்டேன் சார். அவருக்குப் பட்டன் போடத் தெரியாது. கேஸு அடுப்பத் தொறந்துவுட்டுட்டு மறந்துடுவாரு. ரயிலு சத்தம் கேட்டா வேலைக்கி நேரமாச்சின்னு ஓடுவாரு, திரும்பி வர வழி தெரியாது. கோவம் வந்தா அடிப்பாரு, அப்புறம் அவரே அழுவாரு. நான் கட்டிகினவரு அன்னிக்கே பூட்டாரு சார். இவரு எனக்கு ரெண்டாவது கொயந்த."

அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. சர்ச் வாசலில் யார் விசாரித்தாலும் "ஆண்டவர் கிருபையில நல்லா கீறாருங்க" என்பவள், இத்தனை பேர் நடுவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே! அப்பாவுக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சொன்ன அந்த வார்த்தைகளால்தான் கேஸ் எங்கள் பக்கம் நின்றது என்று பின்னாளில் வக்கீல் சொன்னார். அன்று நான் அவளோடு பேசவில்லை.

திரும்பும் ரயில் பங்காருபேட்டையில் நின்றபோது அம்மா வேர்க்கடலை வாங்கி உரித்து அப்பா கையில் வைத்தாள். அவர் தின்னாமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அங்க நீ ஒருத்தரப் பத்திச் சொன்னியே, யாரு அது?"

அம்மா இன்னொரு கடலையை உரித்தாள்.

"பாவம். பட்டன்கூடப் போடத் தெரியாதாமே. நம்ப வூட்டுக்குக் கூட்டியாந்து வெச்சிக்கலாமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், வெகுநேரம் அதை விலக்கவில்லை.

"வெச்சிக்கலாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இருப்பது ஒரே ரூம். வரப்போகிற அந்த ஆளை எங்கே படுக்கவைப்பது என்ற கவலையிலேயே நான் மாரிகுப்பம் வந்து சேர்ந்தேன்.