மாலை போட்ட படத்துக்குக் கீழே

ப்ரியம்வதா ஓடிப்போய்விட்டாள் என்று மட்டும் சொல்லாதே. ஓடுகிறவள் எதிர்வீட்டுக்காரியான என்னிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து, புருஷனுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போவாளா? இரண்டு வேளையும் சாப்பாட்டு டப்பா வர ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போவாளா? லிஃப்டுக்கு முன்னால் வைத்து வைஜயந்தியிடம் இதைத்தான் கேட்டேன். வைஜயந்தி இரண்டாம் மாடிக்காரி, கோயம்புத்தூர்ப் பெண், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நல்ல பெண்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்ன ஏற்பாடு பண்ணி என்னங்க பாட்டி? அறுபத்தி நாலு வயசுல, புருசன் உசுரோட இருக்கையில, பொட்டியத் தூக்கீட்டுப் போறது நல்லாவா இருக்குது?"

"அவரு உசுரோட இருக்காருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஐயோ, என்னங்க சொல்றீங்க?"

"நான் சொல்லல தாயி. ஒரு வருசமா அவரேதான் சொல்லிட்டிருக்காரு."

லிஃப்ட் வந்தது, திறந்தது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, தானே மூடிக்கொண்டு போயிற்று. அவள் ஏறவில்லை.

நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? அதனால் முழுவதையும் இங்கே சொல்கிறேன். நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறவளிடம், நாசூக்குப் பார்த்து எதையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ப்ரியம்வதா எங்கள் எதிர்வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மராத்தி பேசுகிற ஊரான இந்த ஔந்தில், இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள், அவர்களுடையதும் எங்களுடையதும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுமாதமே ஸ்கூட்டி வாங்கினாள். காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாம் தடவை வாட்ச்மேன் நாற்காலியோடு விழுந்தார். அதற்குப் பிறகு யாரும் விழவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். லாரி ஓட்ட வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அங்கே படுத்திருப்பார்கள். எங்கே வலிக்கிறது என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியாது. இவள் கட்டிலோரம் நின்று, அவர்கள் தமிழில் முனகுவதை மராத்தியில் சொல்வாள். டாக்டர் மராத்தியில் அதட்டுவதைத் தமிழில் இதமாகச் சொல்வாள்.

"புண்ணியம் சேக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போங்கோ அக்கா. அந்த லாரிக்காரனுக்கு வயத்துலதான் வலி, நெஞ்சுல இல்லைன்னு டாக்டருக்குப் புரிஞ்சா போறும். புண்ணியத்தைக் கொண்டுவந்து எங்க வெக்கறது? ஏற்கெனவே ஆத்துல அலமாரி ரொம்பிக் கிடக்கு."

அவள் புருஷன் பட்டாபிராமன் பாங்க் மேனேஜராக இருந்தவர். எட்டு மணி ரயிலுக்கு ஐந்து மணிக்கே போய் உட்காருகிற மனுஷர். மற்றபடி நல்லவர். என் மகனுக்கு வீட்டுக் கடன் காகிதம் எல்லாம் படித்துச் சொன்னவர் அவர்தான்.

கொரோனாவில் அவருடைய தம்பி சூர்யநாராயணன் போனார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரைத் திரும்பப் பார்க்கவே விடவில்லை. முகம் காட்டவில்லை. யாரோ எரித்தார்கள். நாலாம் நாள் ஒரு மண்சட்டியில் சாம்பலைக் கொடுத்தார்கள். சட்டிமேல் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. பெயர் இல்லை. அது தம்பியுடையதுதானா என்று அவரும் கேட்கவில்லை, கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பி கனவில் வர ஆரம்பித்தாராம். உள்ளே வரமாட்டாராம். வாசலில் நின்று, "அண்ணா, என் பேர் என்ன? எனக்கு மறந்து போச்சு" என்று கேட்பாராம். கனவுக்குள் இவருக்கும் அந்தப் பெயர் வராதாம். விடிந்ததும் பால்கனியில் நின்று தம்பி பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பால் வாங்க எழுந்திருக்கும்போது என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

திதி கொடுக்க அவருக்கு மகன் கிடையாது. ஒரே மகள் சுப்ரஜா, தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் கொஞ்சம் தடுமாறும். "நான் இருக்கேன் நா, பப்பா? நான் பண்ணுவேன் எல்லாம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அது எனக்கு வந்து சேராதும்மா" என்றார்.

பிள்ளை இல்லாதவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்களுக்குத் தாங்களே சிராத்தம் செய்துகொள்கிற வழக்கம் ஒன்று உண்டாம். ஜீவ சிராத்தம் என்றார்கள். செய்கிறவர்கள் செய்துவிட்டு வந்து, காபி குடித்து, பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்களாம். போன வருஷம் இவர் நாசிக் போனார். கோதாவரிக் கரையில் தன் பெயரைச் சொல்லித் தனக்கே பிண்டம் வைத்துவிட்டுத் திரும்பினார். அன்று நான் அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தேன்.

"உள்ள வாங்கோ. காபி கலக்கறேன்" என்றாள் ப்ரியம்வதா.

"யாருக்கு?" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ஹாலில் அவர் படம் ஏறியது. சந்தன மாலை, கீழே சின்ன பல்ப் விளக்கு. அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். குனிந்து நாற்காலியைப் பார்த்தார். கையெழுத்துக்கூட வாங்காமல் மூன்று மாடியும் படியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். உப்பு வேண்டாம் என்றார். நியாயமான பேச்செல்லாம் நின்று போயிற்று. பால்கனியில் புறாவுக்குப் பயந்து போட்டிருந்த வலையைத் தானே வெட்டினார். தினம் மத்தியானம் தன் பெயரைச் சொல்லி அங்கே ஒரு பிடி சோறு வைப்பார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கைக்காகக் காத்திருப்பார். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கு மோர் வாங்கப் போனவள் பார்த்தேன். பட்டப்பகல், நல்ல வெயில். காக்கை வந்தது. சோற்றுக்குப் போகவில்லை. அவர் முழங்கால்மேல் உட்கார்ந்தது. அலகை அவர் வேஷ்டியில் இப்படியும் அப்படியும் தீட்டியது. அவர் மூச்சுகூட அசையவில்லை. மனுஷன் இருக்கிற இடத்தில் காக்கை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெறும் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. மோர் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்த சமயம், பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கவேண்டிய மாதம். இவர் போகவில்லை. பழைய மரியாதைக்காக பாங்கிலிருந்து ஒரு அம்மா வீட்டுக்கே வந்தார். சின்ன மிஷின் ஒன்றில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். ப்ரியம்வதாதான் அவர் கையை எடுத்து வைத்தாள். மிஷின் இல்லை என்றது. துடைத்துவிட்டு வைத்தாள். இல்லை என்றது. மற்ற விரல்களுக்கும் இல்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடும், சகஜம்தான் என்று அந்த அம்மா சொன்னார். ஆனால் ப்ரியம்வதா என்னிடம் சொன்னது வேறு. நாசிக் போய் வந்த பிறகு அவர் அன்றைக்குத்தான் சிரித்தாராம்.

"அக்கா, அவர் கை சில்லுனு இருந்தது" என்றாள்.

"ஏசிக்கு அடியில உக்காந்திருப்பாரு."

"எங்காத்துல ஏசி கிடையாது."



இதற்கெல்லாம் அவள் போய்விடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பில்லாமல் சமைத்தாள். படத்துக்கு விளக்குப் போட்டாள். "நான் போயாச்சு. நீ ஏன் இன்னும் பூ வெச்சுண்டிருக்கே?" என்று ஒரு நாள் அவர் கேட்டபோதுகூட, "மல்லி வாடிடும்னுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் அவர்கள் வீட்டில் துளை போடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இன்னொரு ஆணி. கீழே காகிதம் பிரிக்காத ஒரு சட்டம் சாய்த்து வைத்திருந்தது. ப்ரியம்வதா காகிதத்தைக் கிழித்தாள். உள்ளே அவள். மகள் கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். தோள்மேல் வேறு யாருடைய கையோ, மணிக்கட்டுவரை, அப்படியே இருந்தது.

"மஹாளய அமாவாசைக்கு நாசிக்ல சொல்லியாச்சு" என்றார் அவர். மாதக்கணக்கில் அவர் அத்தனை நீளமாகப் பேசியதில்லை. "அஞ்சு மணிக்கு வண்டி வரும். உனக்கும் பண்ணிடலாம். அப்புறம் நீ வழி தெரியாம வாசல்ல நிக்கவேண்டாம் பாரு."

கோபமே இல்லை அந்தக் குரலில். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுகிற அக்கறை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவள் சொன்னாள். "அவர்மேல கோபம் இல்லை அக்கா. பயந்து போயிருக்கார், பாவம். துணைக்குக் கூப்பிடறார். ஆனா அங்க போய் உக்காந்து என் பேருக்கு நானே எள்ளு இறைச்சுட்டு வந்தேன்னா, அப்புறம் நானும் அந்த நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டுண்டு உக்காந்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அவர் முகத்தைப் பாத்துண்டே இருந்தா எனக்கும் தைரியம் போயிடும்."

"மாட்டேன்னு சொல்லிட்டு இங்கயே இரேன்."

"நேத்து காத்தால கண்ணாடியில பொட்டு வெச்சுக்கப் போனேன். ஒரு நிமிஷம், யாருக்குன்னு தோணித்து."

நானும் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறவள்தான். மேலே ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன், எனக்கென்ன தெரியும்? ஆனால் அழைப்பு வருவதற்கு முன்னால் பந்தியில் போய் உட்காருவது எந்த ஊர் வழக்கம்? கொடுத்த மூச்சு இருக்கிறவரைக்கும் மூச்சு விடுகிறவர்களோடு இருக்கவேண்டும். இதைச் சொன்னால் வைஜயந்தி நாத்திகம் என்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும்.

அமாவாசைக்கு முதல் நாள் காலை பத்து மணி. மாம்பழ மஞ்சளில் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் ஒரு பெட்டியோடு ஹாலில் நின்றாள். என்னைக் கூடவே நிற்கச் சொன்னாள்.

"தளேகாவ் போறேன், சுப்ரஜாவாண்ட. நாளைக்கு வண்டிக்கு நான் வரலை. அந்த ஆணியைப் பிடுங்கச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்கோ. இப்பவே கிளம்பலாம், நான் காத்துண்டிருக்கேன். வரேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, போறும்."

அவர் எழுந்தார். ஒரு நொடி, பெட்டியை வாங்கிக்கொள்ளத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், கையை முன்னால் நீட்டினாள். அவர் எங்களைத் தாண்டிப் பூஜை அறைக்குப் போனார். பித்தளைச் சொம்போடும் எள்ளோடும் வந்தார். தெற்கே பார்த்துத் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் கட்டைவிரல் பக்கமாக வழியவிட்டார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

அவள் அங்கே நிற்கிறாள். பூ வாசனை அடிக்கிறது. அவர் அவளுக்குத் தர்ப்பணம் விடுகிறார்.

அவள் அசையாமல், அவர் முடிக்கிறவரைக்கும் பொறுமையாக நின்றாள். தண்ணீர் தரைச் சரிவில் கறுப்பு எள்ளை இழுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து மெதுவாக வந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அந்தத் தண்ணீர்மேல் கால் படாமல் தாண்டி, வாசலுக்கு வெளியே போனாள்.