மயிலாத்தாள் வைத்த மூங்கில்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரர் மணமக்கள் தலையில் அரிசியைத் தூவி, மூங்கில் தூர் போலக் குடும்பம் கிளைத்துப் பெருக வேண்டும் என்று வாழ்த்துவார். மணப்பெண்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். பந்திக்கு உட்காருவதற்குள் மறந்தும் போவார்கள். மயிலாத்தாள் மறக்கவில்லை. வாழ்த்தை வாழ்த்தாக வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்காமல், அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கோயமுத்தூரில் மில்லுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் எழும்பியது புழுதி மட்டும்தான். கம்பும் சோளமும் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அப்படிப்பட்ட வறண்ட காட்டில் ஒருத்தி வீட்டுக்குப் பின்னால் மூங்கில் வைக்கிறாள் என்றதும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவள் புருஷன் காளிச்சாமி கெட்டவன் இல்லை. நல்லவன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமான புதிதில் மரம் வாங்க வண்டி கட்டிக்கொண்டு சத்தியமங்கலம் போனவனிடம் அவள் கேட்டது ஒரே ஒரு மூங்கில் கிழங்கு. சேலை கேட்பாள், வளையல் கேட்பாள் என்று எதிர்பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தான்.

கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து, ஆனிச் சாரல் விழுந்ததும் நட்டாள். குழியில் சாணமும் குளத்து வண்டலும் போட்டாள். குளிக்கிற பொடக்காளியிலிருந்து சின்னதாக வாய்க்கால் இழுத்து, குளித்த தண்ணீரெல்லாம் அதன் காலடிக்குப் போகும்படி செய்தாள். வெள்ளாடு வாய் வைக்காமல் வேலமுள்ளை வெட்டி வந்து சுற்றிலும் கட்டினாள். முதலில் வந்த முளைகள் ஊதுவத்தி கனம்தான் இருந்தன. அதற்கே அவள் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

வருஷம் போகப் போகத்தான் மூங்கிலின் குணம் தெரிந்தது. உதிர்கிற இலையை மாமியார் முத்தாத்தாள் கூட்டித் தள்ளுவாள். மயிலாத்தாள் அதையே அள்ளிவந்து மறுபடி தூரில் போடுவாள். அந்த இலை மக்கினால்தான் அடுத்த முளை தடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டாள். கோடையில் கிழங்கு வெளியே தெரிந்தால் மண் அணைப்பாள். முற்றின கழியைத்தான் வெட்டுவாள். இளசைத் தொடமாட்டாள். கடைசியில் தூர் கூரைக்கு மேலே போய்விட்டது. அதன் நிழலில் எருமை படுத்து அசைபோட்டது. சிரித்த ஊரே சாட்டைக்கம்புக்கும் பந்தலுக்கும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

மூங்கில் கிளைத்தது. மயிலாத்தாளுக்குத்தான் ஒன்றும் தங்கவில்லை. தங்கவில்லை என்பதுகூடத் தப்பு. ஒரு தடவையாவது நாள் தள்ளிப்போனால் அல்லவா தங்கியதா இல்லையா என்று பேச!

பிள்ளையில்லாத வீட்டுக்கு ஊர் என்னென்ன செய்யுமோ எல்லாம் செய்தது. கோயில் கோயிலாக அலைந்தார்கள். ஒரு தடவை தாராபுரத்தில் கிறிஸ்தவர்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அங்கே இருதயம்மாள் என்ற நர்ஸம்மா இவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு குறையும் தெரியலைங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, டாக்டரம்மா பாக்கோணும்" என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த காளிச்சாமியிடம் இதைச் சொன்னதும் அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னையப் பாக்க என்ன இருக்குது?" என்று வண்டியைப் பூட்டினான். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு முடிந்தது.

அப்புறம்தான் முத்தாத்தாள் குறி கேட்கப் போனாள். குறி சொன்ன பெரிய மனுஷன் கண்ணை மூடினான், திறந்தான். "ஊட்டுக்குப் பொறகால மூங்கில் நிக்குதா?" என்றான். நிற்கிறது என்று ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? "பாடை கட்டற மரம் அது. அது நிக்கற ஊட்டுல தொட்டில் ஆடாது."

அதே மூங்கிலைச் சொல்லித்தான் கல்யாணத்தில் வாழ்த்தினார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதனால்தான்.

மயிலாத்தாள் மூன்று பொழுது சாப்பிடவில்லை. பிறகு காளிச்சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வெட்டிப்போடலாம் அம்மணி. அம்மா சும்மா இருக்க மாட்டீங்கறா."

"வெட்டுனா கொழந்தை வந்துருமுங்களா?"

"வருமுன்னுதான் சொல்றாங்க."

"வரலீன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "வந்தாலும் வராட்டியும் நா வேற கண்ணாலம் கட்டமாட்டேன். இது சத்தியம். நீ வெட்டறதுக்கு மட்டும் ஒத்துக்க."

அந்தச் சத்தியத்துக்காக அவள் ஒத்துக்கொண்டாள். ஆள் விட்டு அடியோடு வெட்டினார்கள். தூரின் மேல் சருகைக் குவித்துத் தீ வைத்தார்கள். மூங்கில் கணுக்கள் தீயில் வெடிக்கிற சத்தம் ஊர்க்கோடி வரை கேட்டது. மயிலாத்தாள் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூங்கிலை மேலே வெட்டிக் கொளுத்தினால் செத்துவிடும் என்று நினைத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கிழங்கு மண்ணுக்குள் கல் மாதிரி கிடந்தது. ஆனிச் சாரல் விழுந்ததும் கரிந்த இடத்தைச் சுற்றிலும் முளைகள் கிளம்பின. முன்னை விட அதிகமாகவே கிளம்பின.

"இவதான் ஆருக்கும் தெரியாம தண்ணி உடறா!" என்று முத்தாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என்ற மகன் வம்சத்தை விட இவளுக்கு மூங்கில் பெருசாப் போச்சு!"

மயிலாத்தாள் சத்தியம் செய்து பார்த்தாள், அழுது பார்த்தாள். யார் நம்புகிறார்கள்? அவள் பேச்சைக் காப்பாற்றவில்லை, அதனால் அவனும் பேச்சைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் நியாயம் சொன்னார்கள். காளிச்சாமிக்கும் அந்த நியாயம் வசதியாக இருந்தது. தை மாதம் இரண்டாம் தாரமாகச் சின்னத்தாயி வந்து சேர்ந்தாள். மயிலாத்தாள்தான் ஆரத்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் ஒரே பிடிவாதமாக இருந்தாள். மூங்கிலைத் தான் வளர்க்கவில்லை என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். மூங்கிலை எப்படிக் கொல்வது என்று அந்த ஊரில் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். மண்ணைத் தோண்டிப் பிரயோசனமில்லை. வருகிற முளையை வளரவிடாமல் ஒடித்துக்கொண்டே இருந்தால் கிழங்கு தன் பலத்தையெல்லாம் செலவழித்துவிட்டு ஒருநாள் ஓய்ந்துபோகும். சாரல் காலம் முழுக்க, விடிந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன்னால் அவள் அங்கே போய் நிற்பாள். முளை தலை காட்டும் முன்னே மண் லேசாக வெடித்துப் புடைக்கும். அவள் உள்ளங்காலுக்கே அது தெரியும். குனிவாள், இரண்டு விரலால் மண்ணை ஒதுக்குவாள், குருத்தைப் பிடித்து ஒரு திருகு. வெள்ளரிப் பிஞ்சு ஒடிகிற மாதிரி சத்தம் வரும். குப்பைமேட்டில் எறிந்துவிட்டுப் போய் வாசல் தெளிப்பாள்.

முதல் வருஷம் ஒவ்வொரு முளைக்கும் அழுதாள். அடுத்த வருஷம் அழவில்லை. அதற்கடுத்து அவள் கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. வளர்த்தவளே கொல்வதை ஊர் வேடிக்கை பார்த்தது, "இப்பத்தான் புத்தி வந்துது" என்று மெச்சவும் செய்தது.

முளைகள் மெலிந்தன. ஒரு ஆடியில் ஒன்றுகூட வரவில்லை. காலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். மண் மண்ணாகவே இருந்தது. செத்துவிட்டது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் யாருமில்லை. அந்த வீட்டில் அதற்குள் வேறு அழுகை தொடங்கியிருந்தது. சின்னத்தாயிக்கும் பிள்ளை இல்லை.

சின்னத்தாயி சிறுபெண். வந்த அன்றைக்கே மயிலாத்தாளை "அக்கா" என்று கூப்பிட்டாள். மயிலாத்தாள் பதிலுக்கு ஒரு வார்த்தை சிரித்துப் பேசியதில்லை, கடிந்தும் பேசியதில்லை. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது முத்தாத்தாளின் ஏச்சு முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. இன்னொரு பெண் பார்க்கலாமா என்ற பேச்சும் மெதுவாகக் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னது மயிலாத்தாளுக்கு ஞாபகம் இருந்தது. ஒருநாள் சோறு போடும்போது, "ஏனுங்க, தாராபுரத்துக்கு ஒருக்கா போயிட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள். காளிச்சாமி தட்டத்தை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

முத்தாத்தாள் மறுபடியும் அதே பெரிய மனுஷனிடம் போனாள். அவன் கண்ணை மூடினான், திறந்தான். "நின்ன மூங்கிலை வேரறுத்துப் போட்டீங்க. அந்தப் பாவம் வம்சத்தைப் புடிச்சிருக்குது. அதே எடத்துல திரும்பி ஒண்ணு வெச்சுத் தழைச்சாத்தான் ஊட்டுல புள்ளை தழைக்கும்."

முன்னே என்ன சொன்னாய் என்று அவனைக் கேட்க ஒரு ஆண்பிள்ளை இல்லாமல் போய்விட்டான் எங்கள் ஊரில்! காளிச்சாமி சத்தியமங்கலத்துக்கு வண்டி கட்டினான். ஈரச் சாக்கில் கிழங்கைக் கொண்டுவந்து மயிலாத்தாள் காலடியில் இறக்கி வைத்தான்.

"உன்ற கைக்குத்தான் வரும் அம்மணி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் நட்டாள். வை என்றால் வைக்க, ஒடி என்றால் ஒடிக்க, அதற்குள் பழகிவிட்டிருந்தாள். குழிக்குச் சாணம் போட்டாள், மண் அணைத்தாள், முள் கட்டினாள். ஆசையாக ஒரு பார்வை பார்த்தாளா என்றால் இல்லை. அது பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன என்று இருந்தாள். பொடக்காளி வாய்க்காலைத் தினமும் சுத்தம் செய்து தண்ணீர் திருப்பியது சின்னத்தாயி. மாட்டுத்தொட்டிக்குத் தண்ணீர் சேந்தும்போதெல்லாம் அதற்கும் ஒரு குடம் கொண்டுபோனாள். சின்னப்பெண்ணுக்கு வேறு வேலையில்லை போலிருக்கிறது என்று மயிலாத்தாள் நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் மழை நின்றுபோனது. வெயிலில் கிழங்கு காய்ந்துகொண்டே வந்தது, இனி வராது என்றே எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆடி கடைசியில் எதிர்பாராமல் சாரல் விழுந்தது. மறுநாள் விடிந்ததும் மயிலாத்தாள் வாசல் தெளிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனாள். காலடியில் மண் புடைத்திருந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். குனிந்தாள். இரண்டு விரலால் மண்ணை ஒதுக்கி, குருத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

சத்தம் கேட்டபிறகுதான் அவளுக்குச் செய்தது தெரிந்தது. கையில் குருத்து இருந்தது, ஒடிந்த இடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சின்னத்தாயி நின்றிருந்தாள்.

"மறந்துபோயி... கை பழக்கத்துல..." என்றாள் மயிலாத்தாள். "அது கெடக்குது கண்ணு. இவங்க சொல்றதெல்லாம் பொய்யி. இதுலயா கொழந்தை வரப்போவுது?"

சின்னத்தாயி குடத்தை இறக்கவில்லை.

"வருமுன்னுதானுங்க அக்கா இருந்தேன்" என்றாள். "வேற எதை நம்பறதுங்க நானு?"

கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால்கூட மயிலாத்தாள் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் அழவில்லை. கொண்டுவந்த தண்ணீரை, குருத்து ஒடிந்த கிழங்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.