வெற்று அண்டாவில் பொங்கிய பதனீர்

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த ஆங்கிலம் ஒரு சொல்லன்று. அரங்கு நிறைந்த மனிதர்களின் சிரிப்பொலி. முத்தையாபுரத்துப் பேருந்துகளின் இரைச்சலையும் மீறி, பழைய தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அது கரகரத்து எழும். துறைமுகத்தில் சரக்கேற்றுவதை மேற்பார்வையிட்ட என் தந்தைக்கு, வெளிநாட்டுக் கப்பலின் சமையற்காரர் ஒருவர் கொடுத்துச் சென்ற குறுந்தகட்டின் ஒலி அது. அதில் கறுப்பு வெள்ளைக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகை ஒருத்தி, காற்றில் அடைபட மறுக்கும் கதவோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பாள்.

அதைச் சலிக்காமல் பார்த்தவள் அப்பாவின் தங்கை, வசந்தி அத்தை. எங்கள் கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் ஆண்டுதோறும் சிரிப்பு வேடம் கட்டுபவள் அவள்தான். "விழுததுல சிரிப்பு இல்லளா, விழவே மாட்டேன்னு நிக்குதா பாரு, அதுலதான் இருக்கு" என்பாள்.

அவ்வாண்டு உடன்குடியில் அத்தைக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பதனீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்து, கருப்பட்டிக் கடைக்காரரை மணந்தவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஊர் சிரிக்க மேடை ஏறுத மருமவ எங்களுக்கு வேண்டாம்." ஆனால் சம்பந்தி வீட்டாரைக் கொடைக்கு அழைப்பது முறை. அழைத்தோம்.

கொடையன்று மாலை அத்தை தகட்டின் உறையை என்னிடம் நீட்டினாள். அதன் பின்புறத்தில் அந்நடிகையின் வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. கூடாரக் காட்சிகளில் தொடங்கியது, மணமுடித்தது எனப் பள்ளி ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"கல்யாணத்துக்குப் பொறவும் நடிச்சாளா? நல்லாப் பாரு."

"ஆமா அத்தை. பிள்ளைங்க பொறந்த பொறவும் நடிச்சாங்களாம்."

"அவளுக்கு மாமியா இருந்தாளா?"

உறையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அப்பா கெஞ்சினார்: "ஏளா, இந்த ஒரு வருசம் சும்மா இரேன்."

"ஒளிச்சு வச்சுக் கல்யாணம் முடிக்கச் சொல்லுதியா அண்ணே? அவங்க பாக்கட்டும். பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

மேடையில் அவள் வைத்திருந்தது ஒரு வெற்று அண்டா மட்டுமே. வாய் திறவாமல் பதனீர் காய்ச்சத் தொடங்கினாள். ஊதினாள், கிளறினாள், நுரை ஏறுவது அவள் கண்களில் தெரிந்தது. கையால் அமர்த்தினாள், முந்தானையால் விசிறினாள், அண்டாவைக் குழந்தையாய்க் கொஞ்சினாள், பிறகு விரல் நீட்டி மிரட்டினாள். தான் தோற்பதாக ஒரு கணமும் ஒப்பவில்லை. கூட்டம் குலுங்கியது. முதல் வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் மட்டும் இறுகி அமர்ந்திருந்தார். அப்பா அவர் முகத்தையன்றி வேறெதையும் பார்க்கவில்லை.

நுரை விளிம்பைத் தொட்டபோது அந்த அம்மாள் துள்ளி எழுந்தார். "ஏளா, பொங்குது பாரு! கொட்டமுத்தைப் போடு, கொட்டமுத்தைப் போடு!"

ஆமணக்கு விதையான கொட்டமுத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும் என்பது பதனீர் காய்ச்சுவோர் அறிந்தது. அண்டாவில் ஒரு சொட்டும் இல்லை என்பதை அவர் மறந்திருந்தார். அத்தை நிமிர்ந்து, அன்றைய ஒரே வசனத்தைச் சொன்னாள்:

"எங்கன வச்சிருக்கீய அத்தே?"

பந்தல் வெடித்துச் சிரித்தது. முந்தானையால் வாய் பொத்தியபடி அவரும் சிரித்தார், கண்ணீர் வழிய. கிளம்பும்போது அப்பாவிடம், "பிள்ளைக்குக் கை போதாது. நுரையை இன்னும் முன்னமே அமத்தணும். அடுத்தால எங்க ஊர்க் கொடையில செய்யட்டும், நான் காட்டித் தாரேன்" என்றார்.

காட்டியும் தந்தார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கொடையிலும் முதல் வரிசையில் அமர்ந்து, அதே கட்டத்தில் அதே சொல்லைக் கூவினார். அத்தை அதற்கென ஓர் இடைவெளி விட்டுவைத்தாள்.

இன்று அந்தத் தகடு கீறி ஓய்ந்துவிட்டது. அதை ஓட்டிய பெட்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த அம்மாளும் இல்லை. இவ்வாண்டு உடன்குடிக் கொடையில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான அத்தை அண்டாவின் முன் நின்று, வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து கூவியது: "கொட்டமுத்தைப் போடு!" கல்லூரி வகுப்பில் குரல் உயர்த்திப் பழகாத நானும் எழுந்து நின்றிருந்தேன்.

அத்தை எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முதல் வரிசையில், எவரும் உட்காராது விட்டிருந்த நாற்காலியை நோக்கித் திரும்பினாள்.

"எங்கன வச்சிருக்கீய அத்தே?"