காகம் தின்ற இடியப்பம்

எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பிறகு தையல் தொழிற்சாலை, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை, திரும்பி வந்து ஹெந்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஓரிடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். அப்படி அலைந்து கடைசியில் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குத் துணைக்கு நிற்கும் வேலைக்கு வந்தேன். பிள்ளைகளுக்கு நேரமில்லாத வீடுகள் கொழும்பில் நிறைய இருப்பதால் அந்த வேலைக்குக் குறைவில்லை. முகம் கழுவிவிடுவது, கழிவறைக்குக் கூட்டிப் போவது, தேநீர் வாங்கி வருவது, அவ்வளவுதான். மருந்தில் கை வைக்கக் கூடாது. அது மிஸ்ஸின் வேலை; தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில் இருந்த சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. என் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, யாழ்ப்பாணத்து அம்மா. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், காலில் வந்த புண் ஆறாமல் கிடந்தார். மகள் கிருலப்பனையில் இருந்தார். என்னை வேலைக்கு வைத்தவரும் அவர்தான். அம்மாவுக்கு என் தேநீர் பிடிக்காது. "இது தேத்தண்ணியோ, கோப்பை கழுவின தண்ணியோ?" என்று தினமும் கேட்பார். கேட்டுவிட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

அம்மா இருந்த மாடிக்கு இருக்க வேண்டியவர்கள் இரண்டு மிஸ்மார். ஒருவர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. மிஞ்சிய மிஸ் வேலை நிரந்தரமாகாத சின்னப் பெண். கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். நின்றுகொண்டே தூங்கக் கற்றிருந்தாள். கம்பியைப் பிடித்தபடி அவள் கண் மூடினால் இறங்கும் இடத்தில் நான் தட்டி எழுப்புவேன்.

காலை வேலை இப்படி நடக்கும். மிஸ் முதலில் விரலில் குத்திச் சீனி பார்ப்பாள். பிறகு இன்சுலின் போடுவாள். அடுத்துச் சாப்பாட்டு வண்டி வரும். இன்சுலின் உள்ளே போனால் சாப்பாடும் போக வேண்டும், இல்லாவிட்டால் சீனி கீழே விழுந்துவிடும். அது எனக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு கட்டிலிலும் ஆள் சாப்பிடும் வரை நின்று பார்க்க ஒரு மிஸ்ஸால் முடியாது. அதனால் அவள் திரும்பி வரும்போது தட்டைப் பார்ப்பாள். தட்டு வெறுமையாக இருந்தால் சாப்பிட்டார் என்று எழுதுவாள். எல்லா மிஸ்மாரும் அப்படித்தான் செய்தார்கள். நான் நின்ற மற்ற ஆஸ்பத்திரிகளிலும் அதுதான் வழக்கம்.

இன்னொன்றும் இருந்தது. இன்சுலின் எடுக்கும்போது ஊசியில் உள்ள அளவை இரண்டாவது மிஸ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது மிஸ் இல்லாத மாடியில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய ஒரு நாள் வரும் வரை.

அது புரட்டாதி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. புண் ஆறவில்லை என்று டாக்டர் அந்தக் கிழமைதான் இன்சுலினைக் கூட்டியிருந்தார். சாப்பாட்டு வண்டி வந்ததும் அம்மா என்னைச் சுடுதண்ணீர் எடுத்து வரச் சொன்னார். போத்தலில் பாதி இருக்கிறதே என்றேன். அது ஆறிவிட்டது, கீழே போய்ப் புதிதாக எடுத்து வா என்றார். போனேன். வரிசையில் நின்றேன். வந்து பார்த்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. மிஸ் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அம்மா பேச்சுக் குறைந்து படுத்தார். தூக்கம் என்று நினைத்தேன். நெற்றியைத் தொட்டபோது வியர்வையில் தலையணையே நனைந்திருந்தது. உடம்பு சில்லிட்டு, கண் திறந்தும் என்னைத் தெரியாமல் ஏதோ ஒரு மாணவியை அதட்டினார். நான் கத்தியதும் மிஸ் ஓடி வந்தாள். விரலில் குத்திப் பார்த்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். அம்மா கண் திறந்து "என்ன எல்லாரும் நிக்கிறியள்?" என்று கேட்டதும் மறுபடி விரலில் குத்திச் சீனி பார்த்தாள்.

மகள் வந்து கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு போட்டனீங்கள்?" மிஸ் அளவைச் சொன்னாள். யார் பார்த்தது என்று கேட்டார். மிஸ் இரண்டாவது கையெழுத்தில்லாத கட்டத்தைக் காட்டினாள். இந்தப் பெண் என் தாயைத் தொடக் கூடாது, மேட்ரனிடம் எழுதிக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

மத்தியானம் துவாய் காயப்போட ஜன்னலைத் திறந்தேன். வெளி விளிம்பில் இடியப்ப இழைகள் சம்பலோடு ஒட்டிக் கிடந்தன. எதிர்ச் சுவரில் மூன்று காகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. போன சனிக்கிழமையும் இதே நேரம் என்னைச் சுடுதண்ணீருக்கு அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா தெளிந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன்மா, காக்காய்க்குச் சீனி வருத்தம் வந்தா அதையும் நான்தான் பாக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. சின்ன மகன் ஐரோப்பாவில் அகதி வழக்கு முடியாமல் பல வருஷமாக நிற்கிறான், அவனுக்கு ஏழரைச் சனி, புரட்டாதிச் சனி எல்லாம் விரதம் பிடிக்கிறேன் என்று நேர்ந்திருக்கிறேன் என்றார். காகத்துக்கு வைத்துவிட்டு மத்தியானம்தான் வாயில் வைக்கலாம். மகளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

"ஒருத்தரும் என்னட்ட விரதமோ எண்டு கேக்கேல்லை, பிள்ளை. சைவமோ மச்சமோ எண்டுதான் கேட்டவை."

மிஸ்ஸின் வேலை போகப் போகிறதே என்றேன். அவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். "அவள் சின்னப் பெட்டை, வேற இடம் எடுப்பாள். நீ சொன்னியெண்டால் உன்னையும் மகள் நிப்பாட்டிப் போடுவாள்."

அவர் கெட்டவர் இல்லை. ஒரு மகனுக்கும் ஒரு மிஸ்ஸுக்கும் நடுவில் கிடந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அவர் என்னைச் சுடுதண்ணீருக்கு அனுப்புவார் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த மிஸ்ஸை நிறுத்திவிட்டு வேறு மிஸ்ஸைப் போடுவார்கள். அவளும் தட்டைத்தான் பார்ப்பாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் மிஸ் தூங்கவில்லை. மேட்ரன் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். "சரியாத்தான் எடுத்தேன் அக்கா. ரெண்டு தரம் பாத்தேன். ஆனா எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகமா இருக்கு. கூட எடுத்திட்டேனோ?"

ஜன்னல் விளிம்பில் கண்டதை அவளிடம் சொன்னேன். அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ரெண்டு சனியும் அவங்க சாப்பிட்டாங்கன்னு நான் எழுதியிருக்கேன்" என்றாள்.

மேட்ரனின் அறையில் மகளும் இருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிப் போய், ஊசியில் பிழை இல்லை, அம்மா விரதம், சாப்பாடு காகத்துக்குப் போனது என்றேன். மகள் என்னைப் பார்க்காமல் எழுந்து மாடிக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். அம்மா மறுக்கவில்லை. "ஓம், வைச்சனான்" என்றார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி.

டாக்டர் வந்து கேட்டு, இதற்கா இவ்வளவு என்றார். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சனிக்கிழமைகளில் ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றியிருக்கலாம், இனியும் மாற்றலாம் என்றார். அம்மா டாக்டரின் பக்கம் தலையைத் திருப்பினார். மகள், வேண்டாம் டாக்டர், என் தாய் பட்டினி கிடந்து ஒருவனுக்கும் விசா வரப்போவதில்லை என்றார். அத்தோடு அது முடிந்தது.

மிஸ்ஸை அனுப்பவில்லை. ஆனால் பார்க்காமல் எழுதியது பிழைதான் என்று மேட்ரன் அவளை நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டார். இரண்டாவது கையெழுத்துக்கு மாடியில் ஆள் இல்லாததைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. நான் பேசப் போனேன். மேட்ரன் சிங்களத்தில், உன் வேலையைப் பார் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவளைச் சமாதானப்படுத்த, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றேன். "எல்லாரும் தட்டைத்தான் பாக்கிறோம் அக்கா" என்றாள். கொட்டாஞ்சேனை வரை கண் மூடாமல் நின்றாள்.

மகள் என்னை அந்தக் கிழமை முடியும் வரை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வருகிறது என்றார், அவ்வளவுதான். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். தேநீரை வாங்கிக் குடித்தார், கோப்பை கழுவின தண்ணி என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஜன்னல் கொக்கி கம்பியால் கட்டியிருந்தது. மகள் சொல்லிச் செய்தது. அன்று மிஸ் தட்டு வந்த பிறகுதான் ஊசியை எடுத்தாள். போட்டுவிட்டுப் போகாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பக்கத்து அறை மணி அடித்தது. என்னைப் பார்த்து, நான் வரும்வரை நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மணி மறுபடி அடித்தது. அவள் அசையவில்லை.

காகங்கள் விளிம்பில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்தின.

அம்மா இடியப்பத்தைப் பிய்த்து விரலில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார்.

"அதுகள் பசியோட நிக்குதுகள், பிள்ளை."

ஒரு கிழமைக்குப் பிறகு என்னோடு அவர் பேசியது அதுதான். மிஸ், சாப்பிடுங்கம்மா என்றாள். அம்மா வாயில் வைத்தார். மென்றார். விழுங்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.