பதினேழாவது கேள்வி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவளுக்கு அது தேவையும்தான். ஆனால் அந்த வாயால் செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையிலிருந்து நான் எழுப்பி அனுப்பப்பட்டதை என் மாணவிகளிடம் இதுவரை சொன்னதில்லை. மானம் போகும். இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, சிறு தொழில்களில் இடர் மேலாண்மை. நாளைக்கு ஏதாவது கெட்டது நடந்தால் சமாளிக்க இன்றைக்கே என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி அதிகாரி, தனி அறிக்கை, ஆண்டுக்கொரு கூட்டம் எல்லாம் உண்டு. எட்டுத் தறி வைத்துத் துண்டு நெய்கிறவரிடம் என்ன உண்டு? வெளிநாட்டில் தயாரான வினாப்படிவம் ஒன்றை எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே தமிழாக்கினேன். இருபத்திரண்டு கேள்விகள். அச்சடித்து வந்ததும் எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் பட்டறைக்குப் போனேன். சந்து குறுகல் என்பதால் ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். உள்ளே சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க டீச்சர்" என்று கடையிலிருந்து டீ வரவழைத்தார். மூலையில் அவர் மனைவி கட்டைகளில் நூல் சுற்றும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பதினாறு கேள்விகள்வரை அண்ணன் பொறுமையாக "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழாவதை வாசித்தேன். "உரிமையாளர் செயல்பட இயலாத நிலை ஏற்படின், நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்த மாற்று ஏற்பாடு உள்ளதா?" அவர் புரியாமல் விழித்தார். தறிச் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்று நினைத்து, குரலை உயர்த்தி, பேச்சுத் தமிழில் விளக்கினேன்.

"அதாவதுண்ணே, நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, இந்தத் தறியெல்லாம் யாரு ஓட்டுவா?"

அவர் எழுந்து நின்றார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா, சாமி கும்பிட்டு இப்பத்தான் தறிய ஓட்டிருக்கேன். வாயில நல்ல வார்த்தையே வராதா டீச்சர்? எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கங்க. கெளம்புங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆராய்ச்சிக்கு வந்தவளை இப்படியா பேசுவது? படிவத்தில் பதினேழுக்கு நேராக 'இல்லை' என்று அழுத்தி எழுதி, "சரிண்ணே, போறேன்" என்று பையைத் தூக்கினேன்.

"வாரேன்னு சொல்லிட்டுப் போங்க டீச்சர்" என்றார் மூலையிலிருந்து அவர் மனைவி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செல்லூரில் வேறு பட்டறைகள், மேலூரில் அரிசி ஆலைகள், சோழவந்தானில் வெற்றிலை வியாபாரிகள் என்று இரண்டு வருடம் அலைந்தேன். எல்லோரும் டீ கொடுத்தார்கள். எல்லோரும் 'இல்லை' என்றார்கள். நான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இடர் குறித்த அறிவு அறவே கிடையாது என்பதே அதன் சாரம். என் நெறியாளர் படித்துவிட்டு, "தெளிவா இருக்கு மேடம். கொடுத்துரலாம்" என்றார். ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு மாதம்தான் பாக்கி. ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இனி கிடையாது. தவறினால் ஆறு வருட உழைப்பு காலி.

அந்த வாரம் ஒரு மாலை, கடைவீதியில் இருந்து கணவர் போன் செய்தார். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "அரிசி நெறஞ்சிருக்கு. பத்துக் கிலோ வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். அரிசிப் பானை காலி. ஆனால் இல்லை என்று என் வாயில் வரவில்லை. நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம், அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். நல்ல நேரம், கெட்ட நேரம் எதுவும் பார்த்ததில்லை. இருந்தும் அரிசிக்கு இல்லை என்ற சொல்லை நான் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அப்படிப்பட்டவள், முன்பின் தெரியாத மனிதரிடம் போய் தீ பிடித்தால், நட்டப்பட்டால், நீ செத்தால் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இல்லை என்று சொன்னது ஏற்பாட்டை அல்ல, அந்தப் பேச்சே வேண்டாம் என்று. அட முட்டாளே, அறிவில்லாதது அவர்களுக்கா, உனக்கா என்று அடுப்படியில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று இரவெல்லாம் புரண்டேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் காலையில் அந்த அத்தியாயத்தை எடுக்கவே கை கூசியது. கெட்டி அட்டை போட்டு நூலகத்தில் வைப்பார்கள். அந்தச் சந்துகளிலிருந்து பஸ் ஏறி வந்து என் வகுப்பில் உட்காருகிற பெண்கள் ஒருநாள் அதைப் பிரிப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அறிவு கிடையாது என்று டீச்சர் எழுதி வைத்திருப்பாள். அப்படியே கொடுத்தால் பட்டம் நிச்சயம். மறுபடி கேட்கப் போனால் பட்டமே போகலாம்.

படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதாகச் சாக்கு வைத்துக்கொண்டு, என்னை எழுப்பி அனுப்பிய அந்தப் பட்டறைக்கே போனேன். "அன்னைக்கிப் போறேன்னுட்டுப் போனீங்க, வந்துட்டீங்களே!" என்று அண்ணன் சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்குத் துணி போட்டு மூடிய மோட்டார் ஒன்று இருந்தது.

"இது எதுக்குண்ணே, ஓடாம சும்மா கெடக்கு?"

"சும்மா கெடக்கட்டும். ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

இருக்கட்டும்! எனக்குள் மணி அடித்தது. "வேற எதெல்லாம் இருக்கட்டும்னு ரெண்டா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

மனிதர் அன்று பேசினார் பாருங்கள்! நூல் வாங்குவது இரண்டு கடையில், ஒரு கடைக்காரருக்கு இன்னொருவரைத் தெரியும், கோபமில்லை. மெக்கானிக் இரண்டு பேர், ஒருவர் பக்கத்துத் தெரு, இன்னொருவர் ஆற்றுக்கு அந்தப்பக்கம், வைகையில் தண்ணீர் வந்து பாலம் அடைத்தாலும் ஒருவராவது இந்தப் பக்கம் இருப்பார். சரக்கை மொத்தமாக இங்கே வைப்பதில்லை, பாதி மைத்துனர் வீட்டு மாடியில். எதற்கென்று ஒரு இடத்திலும் அவர் சொல்லவில்லை. தீ, நட்டம், வெள்ளம் என்ற சொற்களே வரவில்லை. பெரிய கம்பெனி தடித்த அறிக்கையில் எழுதுகிற அத்தனையும் 'இருக்கட்டும்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

"வேறண்ணே?"

அவர் மூலையைப் பார்த்தார். மனைவி அங்கே இல்லை. நூல் கடைக்குப் போயிருந்தார். "அம்புட்டுதான்" என்றார்.

நெறியாளரிடம் புதுப் படிவத்தை நீட்டினேன். அதில் முதல் கேள்வி, 'இருக்கட்டும்னு எதை ரெண்டா வச்சிருக்கீங்க?' என்பது. கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"இது கேள்வியா மேடம்?"

"இதுக்குத்தான் சார் பதில் வருது."

அவர் படிவத்தைக் கடைசிவரை புரட்டினார். பிறகு, "நாள் தவறுனா என்னால காப்பாத்த முடியாது. அத்தியாயம் அத்தியாயமா அனுப்புங்க, அன்னைக்கே படிச்சுத் தாரேன்" என்றார். சொன்னபடி படித்தார். மகள் கல்யாண வேலைக்கு நடுவில், பத்திரிகைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பக்கங்களைத் திருத்தினார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

செல்லூர் அண்ணனுக்கும் அப்படித்தான். நான் கேட்காமலே ஒவ்வொரு பட்டறைக்கும் முன்கூட்டியே போன் போட்டார். "நம்ம டீச்சர் வருவாங்க மாப்ள. இப்ப நல்லாப் பேசுறாங்க" என்று சொல்வாராம். அந்த 'இப்ப' எனக்குத் தேவைதான். சோழவந்தானில் ஒரு வியாபாரி வெற்றிலைக் கட்டுகளைப் பாதி முதல் பஸ்ஸிலும் பாதி அடுத்த பஸ்ஸிலும் ஏற்றுவார். ஏன் என்றால், "ரெண்டும் நம்ம பஸ்தானே டீச்சர்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது அந்தச் சேதி வந்தது. செல்லூர் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்தான் போனில் சொன்னார். 'நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா.' சொன்ன வாய் இதுதானே? மூடநம்பிக்கை என்று மேடையில் பேசுகிறவள்தான் நான். அன்று ஒரு பேச்சும் உதவவில்லை. ஆண்டவரே, என் வாய் பலித்துவிடக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வராமல் முதலில் பட்டறைக்குப் போனேன். பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். சந்தில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணனின் முக்காலியில் அவர் மனைவி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். "நாப்பதாம் நம்பர் நூலுதான் கேட்டேன். மாத்தி அனுப்பிருக்கீங்க, சாயங்காலத்துக்குள்ள ஆள் விடுங்க." வைத்துவிட்டு, "வாங்க டீச்சர். அவரு நல்லாருக்காரு. அடைப்ப எடுத்துட்டாங்க, நாளைக்கி வார்டுக்கு மாத்திருவாங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. என் வாயிதான்…"

"ஐய, அழுவாதீங்க டீச்சர்." நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க கேட்டுட்டுப் போன மறுநா காலைல, கடைக்குத் துணைக்கு வான்னாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து ஒருநாளும் கூப்பிடாத மனுசன். அப்பறம் வாரம் தவறாம கூட்டிட்டுப் போனாரு. நூலு எப்படிப் பாக்கறது, யாருக்கு எம்புட்டுச் சரக்கு, யாருகிட்டப் பேசணும்னு ஒண்ணொண்ணாச் சொன்னாரு. எதுக்குன்னு சொல்லல. நானும் கேக்கல. இருக்கட்டும்னாரு, அம்புட்டுதான்."

இரண்டு வருடத்துக்கு மேலாக என் பையில் கிடந்தது அந்தப் படிவம். 'இல்லை' என்று நான் அழுத்தி எழுதிய கேள்விக்கு அவர் மறுநாளே பதில் எழுதத் தொடங்கியிருக்கிறார். நான்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். மனைவி பிளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் மெலிந்திருந்தார். ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"டீச்சர், அந்தப் பழைய பேப்பர் வச்சிருக்கீங்களா? அந்தப் பதினேழாவது?"

எடுத்து நீட்டினேன். 'இல்லை' என்பதைப் பார்த்தார். "அதை அடிச்சிருங்க. ஆளு இருக்கு. பேரு எழுதுங்க."

ஆராய்ச்சி விதிப்படி யார் பெயரும் போடக் கூடாது. அதனால்தான் இங்கேயும் போடவில்லை. அன்று விதியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பேனாவைத் திறந்தேன். அத்தனை நாளும் அவர் மனைவியை 'இந்தா', 'ஏ புள்ள' என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அன்று முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று இன்னொரு முறையும் சொன்னார்.

"இனிசியல் சேத்து எழுதுங்க டீச்சர்."

கஞ்சி டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கவனிக்கவில்லை.